சிவாஜினியின் பெயரில் ஒரு கடிதம்

சிவாஜினிக்கும் வசீகரனுக்கும் ஆவணியில் கலியாணம் என்று முடிவாகி, கோயிலில் நாளும் எழுதி, மண்டபமும் பிடித்தாகிவிட்ட நேரத்தில்தான் வியன்னாவிலிருந்து அந்தச் செய்தி வந்தது. அங்குள்ள ஓர் ஆய்வு நிலையம் வருகிற ஐப்பசியிலிருந்து பத்து மாதம் அவளைத் தங்கள் செலவில் தங்கவைத்து ஆய்வு செய்ய அழைத்திருந்தது. பல நாடுகளிலிருந்தும் விண்ணப்பித்தவர்களில் ஆறு பேரைத்தான் எடுத்திருந்தார்கள். செய்தியை வாசித்தபோது அவள் மெட்ரோவில் நின்றுகொண்டிருந்தாள். இறங்க வேண்டிய இடம் தாண்டி மூன்று நிலையங்கள் போன பிறகுதான் அது அவளுக்குத் தெரிந்தது.

அவளுக்கு வயது இருபத்தெட்டு. மொன்றியலில் பிறந்து, பிரெஞ்சுப் பள்ளியில் படித்து, வீட்டில் யாழ்ப்பாணத் தமிழும் வெளியில் பிரெஞ்சுமாக வளர்ந்தவள். பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகு ஜெர்மன் மொழியையும் விடாப்பிடியாகக் கற்றுக்கொண்டாள். வரலாற்றில் கலாநிதிப் பட்டத்துக்காக ஐந்தாவது வருடமாக ஆய்வு செய்துகொண்டிருந்தாள். தாய் இந்திராதேவி, ரொக்ஸ்பரோவில் அவர்களுடைய வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளியிருந்த கார்டெரி என்ற குழந்தைகள் காப்பகத்தில் சமைப்பவர். தகப்பன் இரவிச்சந்திரனுக்கு டோர்வலில், விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் இடத்தில் முப்பது வருடத்துக்கு மேலாக வேலை. மகள் என்ன படிக்கிறாள் என்று வேலையிடத்தில் யாராவது கேட்டால் "சரித்திரம்" என்பார். என்ன சரித்திரம் என்று அடுத்த கேள்வி வந்தால், அது பெரிய கதை என்று சொல்லிவிட்டு அடுத்த தட்டை எடுப்பார்.

உண்மையில் கதை சின்னதுதான். நூற்றுப் பத்து வருடங்களுக்கு முன்பு, ஒஸ்திரிய சாம்ராச்சியம் தன் கடைசிக் காலத்தில் தள்ளாடிக்கொண்டிருந்தபோது, அதன் துறைமுக நகரமான திரியெஸ்தேயில் ஹெர்மினா என்ற பெண் தந்தி அலுவலகத்தில் வேலை பார்த்தாள். அவளுடைய அண்ணன் மொன்றியலுக்கு வந்து ரயில் பாதை வேலையில் சேர்ந்திருந்தான். அவனுக்கு அவள் எழுதிய ஒன்பது கடிதங்கள், அவனுடைய பேரப்பிள்ளைகள் பழைய வீட்டைக் காலி செய்தபோது, ஒரு பிஸ்கற் பெட்டியோடு பல்கலைக்கழக நூலகத்துக்கு வந்து சேர்ந்தன. அவற்றை உட்கார்ந்து வாசித்த முதல் ஆள் சிவாஜினி.

ஹெர்மினா ஒரு பள்ளி ஆசிரியனை விரும்பினாள். ஆனால் தந்தி அலுவலகத்துப் பெண்களுக்கு ஒரு விதி இருந்தது. மணம் முடித்தால் வேலையை விட்டுப் போய்விட வேண்டும். "சுவரில் கிழட்டுச் சக்கரவர்த்தியின் படம் தொங்குகிறது," என்று ஒரு கடிதத்தில் எழுதியிருந்தாள். "அதன் கீழே உட்கார்ந்து நாங்கள் நாலு மொழியில் தந்தி அனுப்புகிறோம். இந்த இராச்சியம் அதிக நாள் நிலைக்காது என்று நாலு மொழியிலும் குசுகுசுக்கிறோம். அந்த விதி மட்டும் அசையாமல் இருக்கிறது." ஒன்பதாவது கடிதம் 1913 சித்திரையில் எழுதப்பட்டது. முடிவெடுத்துவிட்டதாகவும், என்ன முடிவு என்பதை அடுத்த கடிதத்தில் சொல்வதாகவும் அதில் இருந்தது. அடுத்த கடிதம் பெட்டியில் இல்லை. விடை எங்காவது இருக்குமானால், அது வியன்னாவில், பழைய தபால் அமைச்சின் ஊழியர் கோப்புகளுக்குள்தான் இருக்க வேண்டும்.

இந்திராதேவிக்கு மகளின் ஆய்வில் வேறெதுவும் விளங்காவிட்டாலும் இந்த ஹெர்மினாவை நன்றாகத் தெரியும். வெங்காயம் உரித்துக்கொண்டே, "அந்தப் பொம்பிளை பேந்து என்ன செய்தவளாம்?" என்று வாரத்துக்கு ஒரு தடவையாவது கேட்பார்.

வசீகரனுக்கும் தெரியும். சொல்லப்போனால், அந்தக் கதைதான் அவனை அவளிடம் கொண்டுவந்து சேர்த்தது. மூன்று வருடங்களுக்கு முன் தமிழ்ப் பாடசாலைப் பேச்சுப் போட்டியில் இரண்டு பேரையும் பிடித்து நடுவர் கதிரையில் இருத்திவிட்டார்கள். இடைவேளையில் அவள் என்ன படிக்கிறாள் என்று அவன் கேட்டான். இரண்டு வசனத்தில் முடித்துவிடலாம் என்று தொடங்கியவளை அவன் விடவில்லை. தந்தி அலுவலகத்தில் எத்தனை மணி நேர வேலை, சம்பளத்தை யார் கையில் கொடுப்பார்கள், அந்த ஆசிரியன் ஏன் வேறு வழி யோசிக்கவில்லை என்று கேட்டுக்கொண்டே இருந்தான். போட்டி முடிந்து கதிரைகளை அடுக்கி வைத்த பிறகும் இருவரும் வாசலில் நின்று கதைத்தார்கள். அவன் புவாண்ட்-கிளேரில் ஒரு பார்மசியில் மருந்தாளர். தகப்பன் இல்லை. தாய் புஷ்பராணி அவனைத் தனியாக வளர்த்தவர். தன்னை விடச் சத்தம் குறைவாகச் சிரிக்கும் அந்த மனிதனை சிவாஜினிக்குப் பிடித்துப் போயிற்று. இரண்டு வீட்டாருக்கும் மறுப்பதற்குக் காரணம் ஒன்றும் கிடைக்கவில்லை.

வியன்னாச் செய்தியை அவள் முதலில் சொன்னதும் அவனுக்குத்தான். பத்து மாதம்தானே, போய்விட்டு வாரும் என்றான். உண்மையாகவே சந்தோசப்பட்டான். அவளுக்கு அது குரலிலேயே தெரிந்தது. இரண்டு வாரம் அப்படியே போயிற்று. பிறகு புஷ்பராணி கதைக்கத் தொடங்கினார். கலியாணம் முடித்து இரண்டு மாதத்தில் பெண் தனியாக வெளிநாடு போனால் சனம் என்ன நினைக்கும், வீட்டுக்கு வந்த மருமகள் வீட்டில் இருக்க வேண்டாமா, படிப்பு எங்கே ஓடிப்போகிறது என்று நாளுக்கொரு விதமாகச் சொன்னார். வசீகரன் முதலில் தாயை மறித்தான். பிறகு மறிப்பதை நிறுத்தினான். வைகாசியில் ஒரு நாள், அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போட ஏலாதா என்று அவனே கேட்டான்.

சிவாஜினி வியன்னாவுக்கு எழுதிக் கேட்டாள். ஏலாது என்று பதில் வந்தது. அதை அவனிடம் அப்படியே காட்டினாள். தான் போகத்தான் போவதாகவும், விடுமுறை கிடைக்கும்போது அவன் வந்து நிற்கலாம் என்றும் சொன்னாள். அவன் தலையாட்டினான். அதற்குப் பிறகு அவன் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. சமாதானமாகிவிட்டான் என்று அவள் நினைத்தாள்.

ஆனி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை, ரொக்ஸ்பரோவிலிருந்து பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தாள். ரயில் பாதை வேலை முடியாத காலம். ரயிலுக்குப் பதிலாக விட்டிருந்த பஸ்ஸில் சனம் நெருக்கிக்கொண்டு நின்றது. ஒற்றைக் கையால் தொலைபேசியைத் திறந்தாள். வியன்னாவிலிருந்து ஒரு மின்னஞ்சல். அவளுடைய முடிவு தங்களுக்கு வருத்தம் தருகிறது என்றும், தனிப்பட்ட காரணங்களை மதிக்கிறோம் என்றும், அவளுடைய இடத்தை அடுத்த விண்ணப்பதாரி ஏற்றுக்கொண்டுவிட்டார் என்றும் அதில் இருந்தது.

யாருக்கோ வர வேண்டியது தனக்கு வந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தாள். பஸ்ஸை விட்டு இறங்கி, மெட்ரோ வாசலில் ஓரமாக நின்று தேடினாள். அனுப்பியவற்றில் ஒன்றுமில்லை. அழித்தவற்றில் இருந்தது. மூன்று வரி. "தனிப்பட்ட காரணங்களால் என்னால் வர முடியாது. அழைப்பை ஏற்க இயலாததற்கு வருந்துகிறேன். இடத்தை வேறொருவருக்குக் கொடுங்கள்." கீழே அவளுடைய முழுப்பெயர். அனுப்பிய நேரம் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நாலு மணி பத்து நிமிடம்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு அவள் எங்கே நின்றாள் என்பதை நினைத்துப் பார்க்க நேரம் எடுக்கவில்லை. புஷ்பராணி மாமியின் குசினியில் நின்று றோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தாள். முன் அறையில் அவளுடைய கொம்பியூட்டரில் வசீகரன் கலியாண அழைப்புக்குப் பெயர்ப்பட்டியல் போட்டுக்கொண்டிருந்தான்.

அவள் அவனுக்கு அழைக்கவில்லை. முதலில் செய்ய வேண்டியதைச் செய்தாள். பல்கலைக்கழகத்துக்குப் போய்ப் பேராசிரியரிடம் நடந்ததைச் சொன்னாள். அவருடைய அறையிலிருந்தே வியன்னாவுக்குத் தொலைபேசி எடுத்தாள். நிலையத்தின் செயலாளர் பொறுமையாகக் கேட்டார். அந்தக் கடிதத்தைத் தான் எழுதவில்லை, தன் கொம்பியூட்டரைத் திறக்கக்கூடிய ஒருவர் எழுதிவிட்டார் என்று சிவாஜினி சொன்னாள். யார் என்று செயலாளர் கேட்டார். அவள் பெயர் சொல்லவில்லை. பெயரில்லாமல் பார்த்தால், மனம் மாறியவர் ஒரு சாட்டுச் சொல்வது போலத்தானே இருக்கும் என்றார் செயலாளர், கடுமையில்லாமல். எதற்கும் எழுதி அனுப்பும்படியும், ஆடி மாதம் குழு கூடும்போது முன்வைப்பதாகவும் சொன்னார். சிவாஜினி அன்றே எழுதி அனுப்பினாள். அந்தக் கடிதத்திலும் வசீகரனின் பெயர் இல்லை. தன் வாயால் அது வரக்கூடாது என்று அவளுக்குத் தோன்றியது. ஏன் என்று கேட்டிருந்தால் அப்போது சொல்லத் தெரிந்திருக்காது.

பின்னேரம் அவனுடைய வேலை முடியும் நேரத்துக்குப் புவாண்ட்-கிளேருக்குப் போனாள். கடைத்தொகுதிக்குப் பின்னால் அவனுடைய கார் நின்றது. நல்ல வெயில். வண்டில்களைத் தள்ளிக்கொண்டு சனம் போய்வந்துகொண்டிருந்தது. அவளைக் கண்டதும் அவன் முகம் மலர்ந்தது, பிறகு மாறியது. இருவரும் காரில் ஏறி உட்கார்ந்தார்கள்.

"ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு என்ரை கொம்பியூட்டரிலை என்ன செய்தனீர்?" என்று கேட்டாள்.

அவன் பொய் சொல்லவில்லை. ஸ்டியறிங்கில் இரண்டு கைகளையும் வைத்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தான். "எழுதினனான்," என்றான். "அனுப்பின கையோடையே தெரிஞ்சுது பிழை எண்டு."

"அஞ்சு நாள் இருந்தது, என்னட்டைச் சொல்ல."

"ஓம்."

"ஏன் செய்தனீர்?"

தாய் தினமும் சொன்னதையெல்லாம் அவன் சொல்லத் தொடங்கினான். பாதியில் நிறுத்திவிட்டான். "அம்மாவைச் சாட்டிப் பிரயோசனமில்லை. நான்தான் பயந்தனான். அங்கை போனா நீர் திரும்பி இஞ்சை வந்து ஒரு மருந்துக்கடைக்காரனோடை இருக்க மாட்டீர் எண்டு."

"அப்பிடி நினைச்சா அதை நானே வந்து உமக்கு முகத்துக்கு நேரை சொல்லியிருப்பன்," என்றாள் சிவாஜினி. "நீர் என்னை மறிச்சிருக்கலாம். சண்டை பிடிச்சிருக்கலாம். கலியாணம் வேண்டாம் எண்டிருக்கலாம். நீர் நானாகி நிண்டு எனக்குப் பதிலாக் கதைச்சிட்டீர், வசீ. அதை எங்கை கொண்டுபோய் வைக்கிறதெண்டு எனக்குத் தெரியேல்லை."

எப்படியாவது சரிப்படுத்தித் தருகிறேன் என்று அவன் சொன்னான். அவள் வேண்டாம் என்றாள். தனக்காக என்று சொல்லி இனி எதையும் செய்ய வேண்டாம் என்றாள். பிறகு, ஒரு மாதமாகவே யோசித்து வைத்திருந்தது போல, குரல் தடுமாறாமல் சொன்னாள்.

"ஆவணியிலை கலியாணம் இல்லை. அதை ரெண்டு வீட்டுக்கும் நான் சொல்லுறன். ஏன் எண்டதை நீர்தான் சொல்லவேணும்."

காரை விட்டு இறங்கிப் பஸ்ஸுக்கு நடந்தாள். அவன் பின்னால் வரவில்லை. வீடு வந்து சேரும் வரைக்கும் கண்ணீர் வந்துகொண்டிருந்தது. பக்கத்தில் இருந்த ஒரு மனுசி ஒன்றும் கேட்காமல் கைப்பையிலிருந்து கடதாசிக் கைக்குட்டையை எடுத்து நீட்டினாள். சிவாஜினி மெர்சி என்று நன்றி சொல்லி வாங்கிக்கொண்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் புஷ்பராணியின் வீட்டில் கூடினார்கள். அழைப்பிதழ் மாதிரி பார்க்கத்தான் என்று இந்திராதேவி நினைத்து வந்திருந்தார். தேத்தண்ணிக் கோப்பைகள் கைக்கு வந்த உடனேயே சிவாஜினி சொல்லிவிட்டாள். ஆவணியில் கலியாணம் இல்லை. புஷ்பராணி மகனைப் பார்த்தார். வசீகரன் எழுந்து நின்றுகொண்டு, தான் செய்ததை ஒன்றும் விடாமல், முன்பின் மாற்றாமல் சொன்னான்.

முதலில் வாய் திறந்தது புஷ்பராணிதான். இதிலே என்ன பெரிய பிழை என்று கேட்டார். கலியாணம் முடித்தால் இரண்டு பேரும் ஒன்றுதானே, நாளைக்கு எத்தனையோ கடதாசியில் அவளுக்கு அவன்தானே எழுத வேண்டிவரும், ஏதோ கொள்ளை அடித்தவனைப் போல ஏன் நிற்க வைத்திருக்கிறீர்கள் என்றார். குரலில் கோபத்தை விடப் பயம்தான் கூட இருந்தது. ஒற்றை மகனுடைய கலியாணம் கையை விட்டுப் போவதை அவர் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரவிச்சந்திரன் சபையில் கதைக்கும் ஆள் இல்லை. அன்றைக்குத் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அக்கா, நான் இந்த நாட்டுக்கு வேறை ஒருத்தன்ரை பாஸ்போட்டிலை வந்தனான்," என்றார். "வந்து இறங்கி உண்மையைச் சொல்லுமட்டும் பத்து மாசம், மூண்டு நாட்டிலை, அவன்ரை பேரைச் சொல்லிக் கூப்பிட்டா நான் ஓம் எண்டு எழும்பி நிக்கவேணும். என்ரை பேரிலை நான் ஒரு கையெழுத்துப் போட்ட நாள் எனக்கு இண்டைக்கும் ஞாபகம். அது எனக்கு நடந்ததே காணும், போதும். என்ரை மோளுக்கு, இந்த நாட்டிலை, அவளுக்கு விருப்பமானவனாலை நடக்கக் கூடாது."

அவ்வளவுதான் சொன்னார். திரும்பி வசீகரனைப் பார்த்து, "நீர் மறைக்காமல் சொன்னது நல்லது, தம்பி," என்றார். பிறகு மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு வெளியே வந்தார். பத்து மாதக் கதையை சிவாஜினி அதற்கு முன் கேட்டதே இல்லை. காரில் போகும்போது கேட்கலாமா என்று பார்த்தாள். அவர் வீதியைக் கவனமாகப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார். அவள் கேட்கவில்லை.

அதன் பிறகு வந்த வாரங்கள் லேசானவை அல்ல. மண்டபக்காரருக்கும் ஐயருக்கும் சொல்ல வேண்டியிருந்தது. கோயிலில் ஆட்கள் அவளைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள், அல்லது அளவுக்கு மிஞ்சி அன்பாக விசாரித்தார்கள். பொடியனுக்கு வேறு எங்கோ தொடர்பு என்று சிலர், பெண்ணுக்கு வெள்ளைக்காரன் ஒருவன் இருக்கிறான் என்று சிலர். சிவாஜினி யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை. நாள்தோறும் காலையில் எழுந்து பல்கலைக்கழகத்துக்குப் போனாள். வேறு இரண்டு நிலையங்களுக்கு விண்ணப்பம் எழுதினாள். ஒன்றும் கிடைக்காவிட்டால் தானாகவே ஆறு வாரமாவது போய் அந்தக் கோப்பைப் பார்ப்பது என்று முடிவு செய்து, கோடைக்கு மொழிபெயர்ப்பு வேலை எடுத்தாள். வசீகரனை நினைக்காத நாள் இல்லை. ஆனால் நினைப்பு வந்ததற்காக வேலையை நிறுத்தவுமில்லை.

இந்திராதேவி இரண்டு வாரம் மகளோடு அளந்துதான் கதைத்தார். சாப்பிட வா, கதவைப் பூட்டு, அவ்வளவுதான். ஒரு காலை, சாப்பாட்டுப் பெட்டியை மூடி மகளின் கையில் கொடுத்தவர், அதை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நீ போகாட்டி அந்தப் பொம்பிளை என்ன செய்தவள் எண்டு ஆருக்குத் தெரியப்போகுது?" என்றார்.

"ஒருத்தருக்கும் தெரியாது, அம்மா."

"அப்ப போ," என்று சொல்லிவிட்டுப் பெட்டியை விட்டார்.

ஆடி முடியும் தறுவாயில் வியன்னாவிலிருந்து பதில் வந்தது. ஐப்பசி இடம் போனது போனதுதான். ஆனால் பங்குனியிலிருந்து ஆறு மாதத்துக்கு ஓர் அறை காலியாகிறது. குழு அதை அவளுக்குக் கொடுக்கத் தீர்மானித்திருக்கிறது. இரண்டு கடிதங்களையும் கவனமாகப் பரிசீலித்த பிறகே இந்த முடிவு என்று கடைசி வரியில் இருந்தது.

அவள் ஒரு கடிதம்தான் எழுதியிருந்தாள். செயலாளருக்குத் தொலைபேசி எடுத்து நன்றி சொன்னாள், பிறகு இரண்டாவது கடிதம் எது என்று கேட்டாள். செயலாளர் சற்றுத் தயங்கினார். உங்களுக்குத் தெரியும் என்று நினைத்தேன் என்றார். பதிவுத் தபாலில் வந்ததாம். அதில் வசீகரன் தன் முழுப்பெயரையும் வீட்டு விலாசத்தையும் தொழிலையும் எழுதி, மறுப்புக் கடிதத்தை சிவாஜினிக்குத் தெரியாமல் அனுப்பியது தான்தான் என்று ஒப்புக்கொண்டிருந்தான். அதற்காக அவளுடைய இடம் பறிபோவது நியாயமில்லை, தன்னிடம் எது கேட்க வேண்டுமானாலும் கேட்கலாம் என்று கையெழுத்துப் போட்டிருந்தான். கடிதத்தின் திகதியையும் செயலாளர் சொன்னார். புஷ்பராணியின் வீட்டில் எல்லாரும் கூடியதற்கு மறுநாள்.

மருந்தாளர் ஒருவர் இன்னொருவரின் பெயரில் எழுதினேன் என்று எழுத்தில் கொடுப்பது சின்ன விசயமில்லை. அது யாருடைய கையிலாவது கிடைத்தால் அவனுடைய தொழிலுக்கே கேடு வரலாம். அவனுக்கு அது தெரியும். ஒரு மாதத்துக்கு மேல் அவன் அவளிடம் ஒரு சொல் சொல்லவில்லை.

அன்று பின்னேரம் முழுவதும் அவனுக்கு அழைக்க வேண்டும் என்று கை துடித்தது. அழைத்தால் இளகிவிடுவோம் என்று அவளுக்குத் தெரியும். இளகினால் உடனே கலியாணப் பேச்சு எழும். அதற்குப் பிறகு வியன்னா மறுபடி ஒரு பிரச்சினையாகிவிடும். போய் வருவது முதல், மற்றதெல்லாம் பேந்து என்று தீர்மானித்தாள். ஒரு குறுஞ்செய்தி மட்டும் அனுப்பினாள். தான் பங்குனியில் போவதாகவும், தானாக அழைக்கும் வரை அழைக்க வேண்டாம் என்றும் எழுதினாள். அவன் ஓம் என்று மட்டும் பதில் போட்டான். சொன்னபடியே இருந்தான்.

வியன்னாவில் ஏழாவது வாரம்தான் ஹெர்மினாவின் கோப்பு கிடைத்தது. வேறு ஒருத்தியின் பெயருள்ள உறைக்குள் தவறாகச் செருகப்பட்டிருந்தது. சிவாஜினி அன்றே வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தாள். இந்திராதேவி கார்டெரிக் குசினியில் பருப்பை இறக்கிவிட்டுக் கேட்டார்.

ஹெர்மினா 1913 ஆனியில் அந்த ஆசிரியனை மணந்திருந்தாள். மறுநாளே வேலையிலிருந்து நீக்கப்பட்டாள். அடுத்த வருடம் யுத்தம் வந்தது. ஆண்களெல்லாம் போர்முனைக்குப் போக, தந்தி அனுப்ப ஆளில்லாமல், மணமான அவளையே அரைச் சம்பளத்துக்குத் தற்காலிகமாகத் திரும்ப எடுத்தார்கள். நாலு வருடம் வேலை செய்தாள். நிரந்தர வேலை தரச்சொல்லி ஆறு தரம் மனு எழுதினாள். ஆறாவது மனு 1918 ஐப்பசியில் எழுதப்பட்டது. அதற்குப் பதில் எழுத வேண்டிய அமைச்சு அந்த மாதமே இல்லாமல் போயிற்று. சாம்ராச்சியமே இல்லாமல் போயிற்று. கோப்பு அத்தோடு முடிந்தது.

"அந்த வாத்தியார் சண்டையிலை செத்துப் போனவரோ?" என்று இந்திராதேவி கேட்டார்.

தெரியாது என்றாள் சிவாஜினி. தேட வேண்டும்.

"ஆறு தரம் எழுதினவளோ?" என்று இந்திராதேவி திருப்பிக் கேட்டார். பிறகு அடுப்பு எரிகிறது என்று சொல்லித் தொலைபேசியை வைத்தார். அன்று பின்னேரமே குடும்பத்தில் எல்லாருக்கும் அந்தக் கதை தெரிந்திருந்தது.

ஆறு மாதத்தில் சிவாஜினி ஆய்வின் நாலு அத்தியாயங்களை எழுதினாள். முதல் தடவையாகத் தனியாக ஒரு வீட்டில் இருந்தாள். தனியாகச் சமைத்தாள், தனியாகச் சுகமில்லாமல் கிடந்து எழும்பினாள், ஞாயிற்றுக்கிழமைகளில் ஆற்றங்கரையில் தனியாக நடந்தாள். சில நாட்களில் அந்தத் தனிமை நெஞ்சை அடைத்தது. பல நாட்களில் அது நன்றாக இருந்தது. இரண்டையும் அவள் கவனித்து வைத்துக்கொண்டாள். ஓர் இளம் ஆராய்ச்சியாளன் அவளோடு கோப்பி குடிக்க ஆசைப்பட்டான். நல்லவன். போய்க் குடித்தாள். திரும்பி வரும்போது, தந்தி அலுவலகச் சம்பளம் யார் கைக்குப் போயிற்று என்று இவன் கேட்கவேயில்லை என்று நினைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு தன் மனது எங்கே நிற்கிறது என்பதில் அவளுக்குச் சந்தேகம் இருக்கவில்லை. இருந்தும் திரும்பி வரும் வரைக்கும் வசீகரனுக்கு அழைக்கவில்லை.

ஆவணிக் கடைசியில் மொன்றியலுக்கு வந்தாள். வந்து மூன்று வாரத்தில் ஒரு செஜெப் கல்லூரியில் தையிலிருந்து வகுப்பெடுக்க வேலை எடுத்தாள். நகரின் வில்லரே பகுதியில், மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீடு ஒன்றைத் தன் பெயரில் வாடகைக்கு எடுத்தாள். இந்திராதேவி முதலில் அழுதார், பிறகு இரண்டு சட்டி பானை கொண்டுபோய் வைத்தார். அதெல்லாம் முடிந்த பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை புவாண்ட்-கிளேரில் பார்மசிக்குப் போய், மருந்து வாங்க நின்றவர்களோடு வரிசையில் நின்றாள். அவள் முறை வந்தபோது வசீகரன் நிமிர்ந்தான். கொஞ்சம் மெலிந்திருந்தான். கடைக்கு வருகிறவர்களுக்குச் சொல்வது போலப் பொன்ஷூர் என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது அவனுக்கு.

"அஞ்சு மணிக்கு நேரம் இருக்கோ?" என்று கேட்டாள்.

இருந்தது. ஏரிக்கரைக்குப் போய் நடந்தார்கள். காற்று பலமாக வீசியது. பாய்மரப் படகுகள் கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தன. அவள் வியன்னாக் கதையைச் சொன்னாள். ஆறு மனுக்களையும் பற்றி அவன் துருவித் துருவிக் கேட்டான். ஒவ்வொன்றிலும் என்ன எழுதியிருந்தாள், கடைசி மனுவில் கோபம் தெரிந்ததா என்று கேட்டான். பிறகு அவள் அந்தக் கடிதத்தைப் பற்றிக் கேட்டாள். வியன்னாவுக்கு எழுதியதை ஏன் தன்னிடம் சொல்லவில்லை?

"உமக்குச் சொல்லியிருந்தா அது உமக்கு எழுதின கடிதமாப் போயிருக்கும்," என்றான் வசீகரன். "அது அவையளுக்கு எழுத வேண்டியது."

நடந்ததை மறக்கவில்லை என்றும், மறக்கப்போவதுமில்லை என்றும் அவள் அவனிடம் சொன்னாள். இனி ஒருநாள் அப்படி ஒன்று நடந்தால் ஒரு மணி நேரமும் நிற்க மாட்டேன் என்றாள். அவன் தலையாட்டவில்லை, வாயால் "ஓம், தெரியும்" என்றான். அதன் பிறகு அவள் நின்றாள்.

"வைகாசியிலை ஆய்வைக் குடுத்துடுவன். அதுக்குப் பிறகு உம்மைக் கலியாணம் செய்ய எனக்கு விருப்பம். ஆனா நான் வில்லரேயிலை என்ரை பேரிலை எடுத்திருக்கிற வீட்டை விட்டு வரமாட்டன். நீர்தான் வரவேணும். மாமியை வாரத்திலை ஒருநாள் வந்து பாப்பம், ரெண்டு நாளும் பாப்பம். இருக்கிறது அங்கைதான். யோசிச்சுச் சொல்லும், அவசரமில்லை."

அவன் யோசித்தான். தாய்க்கு எப்படிச் சொல்வது என்பதையும், அவர் என்ன சொல்வார் என்பதையும் அவன் எண்ணிப் பார்ப்பது அவளுக்கு முகத்தில் தெரிந்தது. அவள் அவசரப்படுத்தவில்லை. ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கடைசிப் படகும் கரை சேர்ந்த பிறகு அவன் கேட்டான்.

"அங்கை கார் விட இடம் இருக்கோ?"

"இல்லை. வீதியிலைதான். பனிக்காலத்திலை ஒருநாள் இந்தப் பக்கம், மற்ற நாள் அந்தப் பக்கம் மாத்தி விடவேணும். மறந்தா இழுத்துக்கொண்டு போயிடுவாங்கள்."

"காலமை எத்தினை மணிக்கு மாத்தவேணும்?"

"ஏழுக்கு முந்தி."

"சரி," என்றான் வசீகரன். "அப்ப நான் ஆறரைக்கு எழும்புறன்."